காந்தம் ஒட்டாத கவசம்

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி ஒருவர் போனில் கேட்டார். "எதைப் பத்திப்பா எழுதறது?" என்றேன். "உங்க இஷ்டம்ண்ணே. ஆனா ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஏழு பேர் எழுதிட்டாங்க" என்றார். ஆகவே சாம்பாருக்கு விலக்கு அளித்துவிட்டு, என் மேஜைமேல் நிற்கும் ஒரு ஜெர்மன் டாங்கியைப் பற்றி எழுதுகிறேன். வேதியியல் துறை நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். நம் லேபும் இதில் வருகிறது. என் பழைய கடன் ஒன்றும் வருகிறது.

நான் 1974–77 பி.எஸ்ஸி. வேதியியல். படிப்பு முடிந்ததும் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பூச்சுகளோடேயே காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பின் வீட்டில் என் நச்சரிப்புத் தாங்காமல் மகன் ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்தான். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் இரண்டாம் உலக யுத்தத்து 'டைகர்' டாங்கி. நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பீரங்கிக் குழாயோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளமும் 57 டன் எடையும் கொண்ட அந்த ராட்சஸன் இங்கே 24 சென்டிமீட்டர்தான்.

அது என்ன முப்பத்தைந்து கணக்கு? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் 'பாந்தர்' டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அடங்கிய அளவைக் கணக்குப் பார்த்தால் 35இல் 1 என்று வந்தது. பேட்டரி தீர்மானித்த அந்த அளவுதான் பிறகு உலகெங்கும் டாங்கி மாதிரிகளின் வழக்கமாகிவிட்டது.

பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தேன். டாங்கியின் உடம்பெல்லாம் ஏர் உழுத வயல் மாதிரி வரி வரியாக இருந்தது. என் கையில் இருந்த பிளாஸ்டிக்கோ வழவழவென்று இருந்தது. அந்த வரியை நாம்தான் பூச வேண்டுமாம். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அது என்ன பூச்சு என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். "ஹிட்லர் வண்டிக்கு எதுக்குங்க இத்தனை அலங்காரம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அலங்காரம் இல்லை அம்மணி, அது பயத்தின் வரலாறு என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

1942 இறுதியில் ஜெர்மன் ராணுவம் தன் காலாட்படைக்கு ஒரு காந்த வெடியைக் கொடுத்தது. எடை சுமார் 3 கிலோ. கூம்பு உருவம், அடியில் காந்தங்கள். சிப்பாய் எதிரி டாங்கியின் பக்கத்தில் ஓடிப்போய், இரும்பில் அதை டக்கென்று ஒட்டவைத்து, திரியை இழுத்துவிட்டு ஓடி ஒளிய வேண்டும். வெடிமருந்தின் உள்ளே இருக்கும் புனல் போன்ற குழிவு, வெடிப்பின் வேகத்தை ஒரே இடத்தில் குவிக்கும். 14 சென்டிமீட்டர் எஃகையும் அது துளைத்துவிடும்.

ஆயுதம் நன்றாகத்தான் வேலை செய்தது. அதனாலேயே செய்தவர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 'நாம் செய்ததை எதிரி செய்யாமல் இருப்பானா? நாளைக்கு நம் டாங்கிமேல் இதையே ஒட்டினால்?' பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே சிறிது இடைவெளி விழுந்தாலே பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே இரும்பின்மேல் காந்தம் ஒட்டாத ஒரு சாந்தைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, அதை மேடும் பள்ளமுமாக வரி இழுத்துவிட்டால் போதும். பெர்லினில் இருந்த சிம்மர் என்ற ரசாயன நிறுவனம் தயாரித்ததால் அதற்கு 'சிம்மரிட்' என்று பெயர். 1943 பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகளிலேயே டாங்கிகளுக்குப் பூசத் தொடங்கினார்கள்.

அந்தச் சாந்தில் என்ன இருந்தது தெரியுமா? பேரியம் சல்பேட் 40 சதவீதம், பாலிவினைல் அசிடேட் 25, காவி மண் நிறமி 15, துத்தநாக சல்பைடு 10, மரத்தூள் 10. இதைப் படித்ததும் எனக்கு நம் லேப் வாசனையே வந்துவிட்டது. பேரியம் குளோரைடு விட்டால் வெண்ணிற வீழ்படிவு, அமிலத்தில் கரையாது, சல்பேட் உறுதி என்று எத்தனை தடவை ரெக்கார்டில் எழுதியிருப்போம்! அந்த வீழ்படிவேதான் இந்தப் பேரியம் சல்பேட். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும்முன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கலவையும் அதுவே. நமக்குப் பக்கத்தில், முன்பு கடப்பை மாவட்டத்தில் இருந்த மங்கம்பேட்டையில் இதன் தாது மலைபோல் கிடக்கிறது. துத்தநாக சல்பைடு, அழுகிய முட்டை நாற்றத்துக்கு நடுவே நான்காம் தொகுதியில் நாம் பிடித்த வெள்ளை வீழ்படிவு. பாலிவினைல் அசிடேட், தச்சு ஆசாரிகள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையின் அடிப்படைப் பொருள். மொத்தத்தில் ஒரு தச்சுப்பட்டறையும் ஒரு பெயிண்ட் கடையும் சேர்ந்தால் கிடைக்கிற சரக்குதான்.

பூசும் முறையும் நம் கொத்தனார் வேலை மாதிரியே. முதல் பூச்சைப் பூசி, கரணையின் விளிம்பால் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டு, ஒரு நாள் காயவிடுவார்கள். அதன்மேல் மெல்லிய இரண்டாம் பூச்சு. ஈரம் காயும்முன் இரும்புச் சீப்பால் வரி இழுப்பார்கள். பிறகு ஊதுவிளக்கின் தீயைக் காட்டி இறுக வைப்பார்கள். சிப்பாயின் கை எட்டுகிற இடங்களில்தான் முக்கியமாகப் பூச்சு. இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள 'யாக்ட்டைகர்' வண்டியின் கீழ்ப்பகுதியில் இந்தப் பூச்சை இன்றும் பார்க்கலாம். டைகருக்குக் கிடைவரி, சில பீரங்கி வண்டிகளுக்குச் சதுரக் கட்டம். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு கைப்பழக்கம் இருந்ததால், வரியைப் பார்த்தே எங்கே செய்த வண்டி என்று சொல்லும் வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். நிஜச் சாந்து சுமார் 5 மில்லிமீட்டர் கனம் என்றால், என் டைகருக்கு 0.14 மில்லிமீட்டர் கனம்தான் இருக்க வேண்டும். நாம் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றரை அடுக்கு! கெட்டிக்காரத்தனமாக, அசல் செய்முறையையே பின்பற்றலாம் என்று வெள்ளைப் பசையில் முகப் பவுடரும் காவியும் குழைத்துப் பூசினேன். கனம் கூடிப்போயிற்று. தண்ணீர் வற்றியதும் கோடைகாலத்து ஏரி மாதிரி வெடித்து, மறுநாள் காலையில் அப்பளமாக உரிந்து வந்தது. வழவழப்பான பிளாஸ்டிக்கைத் தேய்க்காமல் பூசியது என் தவறு. முப்பத்தைந்து வருஷத்துக்குமேல் பெயிண்ட் தொழிலில் இருந்தவன் செய்கிற காரியமா இது!

இரண்டாம் தடவை உப்புத்தாளால் பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கினேன். ஒழுகும் குழாயை அடைக்கும் இரட்டை எபாக்ஸி மெழுகைப் பிசைந்து, ஈர விரலால் ஒரு பக்கத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பரப்பினேன். மூக்குக்கண்ணாடி திருகும் குட்டி ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக அழுத்தினேன். அவசரப்பட்டு எல்லாப் பக்கமும் பரப்பினால் வரி போடும்முன் இறுகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு வாரம் பிடித்தது. ஆங்காங்கே வரி கோணியது. அதைத் திருத்தவில்லை. நிஜத்தில் பூசியவர்களும் மனிதர்கள்தானே.

பெயிண்ட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1943 பிப்ரவரி முதல் ஜெர்மன் டாங்கிகளுக்கு அடிப்படை நிறம் அடர் மஞ்சள். அதன்மேல் பூச ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் விழுதாக டப்பாவில் வரும். படைவீரர்களே பெட்ரோல் விட்டுக் கரைத்து அடித்துக்கொள்வார்கள். பெட்ரோல் கிடைக்காவிட்டால் தண்ணீர். நானும் மஞ்சள் அடித்து, பச்சையும் பழுப்பும் மேகம் போல் ஒற்றினேன். நீர்க்கக் கரைத்த அடர் பழுப்பை வரிகளின் பள்ளத்தில் ஓடவிட்டேன். காய்ந்ததும், ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷில் வெளிர் மஞ்சள் எடுத்து மேடுகளை மட்டும் தடவினேன். வரிகள் உயிர் பெற்று எழுந்தன. மூலைகளில் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து, அடியில் சிவப்பு ப்ரைமர் தெரியவும் செய்தேன்.

இவ்வளவு பாடுபட்டுப் பூசிய சாந்து உதவியதா? இதுதான் வேடிக்கை. நேச நாடுகள் அந்தக் காந்த வெடியைக் காப்பியடித்துப் பெரிய அளவில் பயன்படுத்தவே இல்லை. பிரிட்டிஷாரிடம் டாங்கியில் ஒட்டும் குண்டு ஒன்று 1940 முதல் இருந்தது. ஆனால் அது பசையால் ஒட்டுவது. காந்த வெடியைக் காலாட்படைக்குக் கொடுத்த இன்னொரு முக்கிய நாடு ஜப்பான், அதாவது ஜெர்மனியின் சொந்தக் கூட்டாளி! வராத விருந்தாளிக்கு வாசலில் முள்வேலி கட்டிய கதை. பெரிய வண்டிகளுக்கு நூறு கிலோவுக்குமேல் சாந்து. ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையில் கூடுதலாகச் சில நாள்கள்.

பூச்சு நின்ற கதையும் அப்படியே. குண்டு பட்டால் இந்தச் சாந்து தீப்பிடிக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. 1944 செப்டம்பர் 9 அன்று தொழிற்சாலைகளில் பூசுவதை நிறுத்த ஆணை வந்தது. சோதித்துப் பார்த்ததில் அந்தப் பேச்சு பொய் என்று தெரிந்தது. ஆனாலும் ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை. பயத்தில் தொடங்கியது, வதந்தியில் முடிந்தது.

இந்த இடத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஹிட்லர் இல்லை, என் ஹாஸ்டல் அறை நண்பன்.

மூன்றாம் வருஷம் பிராக்டிகல் பரீட்சைக்கு முன், அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய சால்ட் அனாலிசிஸ் நோட்டை எடுத்து நான் காப்பியடித்தேன். அன்று மாலையே என் நோட்டுகளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவன் என் பொருளைத் தொட்டதே இல்லை. நான் தொட்டிருந்தேன், அதனால் அவனும் தொடுவான் என்று தோன்றியது. பூட்டைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, நான் காப்பியடித்ததை அவன் லெக்சரரிடம் சொல்லிவிட்டான் என்று மெஸ்ஸில் யாரோ சொன்னார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பேச்சை நிறுத்தினேன். சொன்னது அவன் இல்லை என்பது அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. அப்போதும் நான் ஒரு கடிதம் போடவில்லை. 1978இல் ரத்தாகியிருக்க வேண்டிய ஆணை, இன்றுவரை அமலில் இருக்கிறது.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான் என்று மலர்க்குழுத் தம்பி சொன்னார். டைகரை ஒரு ஷூ பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவருகிறேன். டேய் மச்சான், இதை நீ படித்தால், கெமிஸ்ட்ரி லேப் படிக்கட்டில் காத்திருப்பேன். டாங்கி உனக்குத்தான். வரியெல்லாம் கொஞ்சம் கோணல். பொறுத்துக்கொள்.