தோட்டத்தில் இருந்தபடி தமிழ் மின்னூல்: எந்த ரீடரை வாங்குவது?

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் பக்கத் தோட்டங்களில் இருக்கும் ஒருவருக்குப் புதிய தமிழ் நாவல் ஒன்று வேண்டும். என்ன செய்வார்? சிரம்பானுக்குப் போய்த் தேட வேண்டும், இல்லையென்றால் கோலாலம்பூருக்கு. அங்கும் கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். சில சமயம் புத்தகத்தின் விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடும்.

"பேசாம ஒரு இ-புக் ரீடர் வாங்கிடலாம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆங்கில நாவல் படிப்பவருக்கு நல்லதாக அமையும் கருவி, தமிழ் படிப்பவருக்கும் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் புத்தகங்கள் எங்கே, எந்த வடிவில் கிடைக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைப்பேசியிலேயே படிக்கலாமே?

படிக்கலாம். முதல் ஒரு மாதம் அப்படித்தான் படித்துப் பார்க்க வேண்டும். கிண்டில் செயலி, கூகள் பிளே புக்ஸ் இரண்டும் இலவசம். ஒரு மாதத்தில் ஒரு நாவலைக்கூட முடிக்கவில்லை என்றால், கருவி வாங்கினாலும் அது அலமாரியில்தான் இருக்கும்.

படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனிக் கருவியால் பலன் உண்டு. ரீடர்களின் இ-இங்க் திரையில் மிக நுண்ணிய குமிழ்கள் இருக்கும். அவற்றுக்குள் மின்னூட்டம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். பக்கம் திருப்பும்போது மட்டுமே அவற்றை நகர்த்த மின்சாரம் தேவை. அதனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் தாங்கும். வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். வாட்ஸ்அப் வந்து கூப்பிடாது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, புத்தகத்தை இறக்கிக்கொண்ட பிறகு இணையம் தேவையில்லை. பட்டணத்தில் இருக்கும்போது பத்துப் புத்தகம் இறக்கி வைத்துவிட்டால், வீட்டில் லைன் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை.

தமிழ் மின்னூல்கள் எங்கே கிடைக்கின்றன?

அமேசான் 2016-இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. இன்று புதிய தமிழ் நாவல்களைக் காசு கொடுத்து வாங்க அதுவே பெரிய இடம். ஆனால் மலேசியாவுக்கென்று தனி அமேசான் கடை இல்லை. நம் கணக்கு அமெரிக்கக் கடையோடு இணையும், விலை டாலரில் வரும். இந்தியக் கடையில் பார்த்த புத்தகம் இங்கே கிடைக்காமலும் போகலாம், ஏனென்றால் விற்பனை உரிமை நாட்டுக்கு நாடு மாறும். எனவே நீங்கள் படிக்க நினைக்கும் பத்துத் தலைப்புகளைக் கருவி வாங்கும் முன்பே உங்கள் சொந்தக் கணக்கில் தேடிப் பாருங்கள். பத்தில் இரண்டுதான் கிடைக்கிறது என்றால், கிண்டில் வாங்க அந்தக் கடை ஒரு காரணமாக இருக்க முடியாது.

இலவச நூல்களுக்கு நாட்டு எல்லை இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க இலக்கியம் முதல் கல்கி வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களைத் தருகிறது. 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு நாவலைத் தேடியவர்களுக்கு ஐந்து பாகமும் அங்கே கிடைக்கும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்களே பொதுப் பகிர்வு உரிமத்தில் கொடுத்த நூல்களை ஈபப், மோபி வடிவங்களிலும் ஆறு அங்குலத் திரைக்கென்று அமைத்த பிடிஎஃப் வடிவிலும் வெளியிடுகிறது. தமிழ் விக்கிமூலத்தில் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் ஏராளமாக உள்ளன, அவற்றையும் ஈபப்பாக இறக்கலாம். ஈபப் என்றால் திரைக்கு ஏற்ப வரிகள் தாமாக மடங்கும் வடிவம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் தானே ஒழுங்காகும்.

மூன்றாவது வகை ஸ்கேன் செய்த பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. இவை பக்கத்தின் படங்கள்தான். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது.

திரை எவ்வளவு பெரிசா இருக்கணும்?

நீங்கள் ஈபப் படிப்பவரா, பழைய ஸ்கேன் படிப்பவரா என்பதைப் பொறுத்தது. ஈபப்புக்கும் கடையில் வாங்கும் நூலுக்கும் 6 அல்லது 7 அங்குலம் போதும். ஒரு கையில் பிடிக்கலாம், விலையும் குறைவு.

ஸ்கேன் என்றால் கணக்கு வேறு. தமிழ் நூல்களில் பரவலாகக் காணப்படும் டெம்மி அளவுப் பக்கம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 சென்டிமீட்டர் உயரம். 6 அங்குலத் திரையின் உயரம் 12 சென்டிமீட்டர்தான். முழுப் பக்கத்தையும் அதில் காட்டினால் எழுத்து பாதியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். 7.8 அங்குலத் திரையில் முக்கால் அளவுக்கு வரும், ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் வசதியாகப் படிக்கலாம். 10.3 அங்குலத்தில் ஏறக்குறைய அச்சுப் பக்கம் அளவுக்கே தெரியும், ஆனால் விலை ரொம்பவே கூடிவிடும்.

தமிழ் எழுத்து சரியா தெரியுமா?

கடையில் நின்று சோதிக்க வேண்டியது இதைத்தான். 'கொ' என்பதைக் கணினி 'க' என்ற எழுத்தாகவும் அதன்பின் வரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இதைச் சரியாகக் கோக்கும் மென்பொருள் கருவிக்குள் இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். ஆங்கில விமர்சன வீடியோக்களில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு சின்ன ஈபப் கோப்பைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் 'கொண்டைக்கடலை', 'கோயில்', 'பௌர்ணமி', 'ஸ்ரீ', 'லக்ஷ்மி' ஆகிய சொற்கள் இருக்கட்டும். தடித்த எழுத்திலும் ஒரு வரி இருக்கட்டும். இணையத்தில் வாங்குவதாக இருந்தால், அந்தக் கோப்பைத் திறந்து படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். கிண்டில், கோபோ இரண்டிலும் நமக்குப் பிடித்த எழுத்துருவை 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம். கூகளின் நோட்டோ தமிழ் எழுத்துரு இலவசம். ஆனால் எழுத்துரு மாற்றினால் அழகு கூடும், கோர்வைக் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொரு சிக்கல் பழைய கோப்புகளில் வரும். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழை டிஸ்கி, டாப், பாமினி போன்ற வெவ்வேறு முறைகளில் தட்டச்சு செய்தார்கள். அவற்றை ரீடரில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். அது கருவியின் குற்றமில்லை, கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கணினித் தமிழின் இந்தப் பாதையில் மலேசியர்களுக்கும் பங்கு உண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறனின் எழுத்துருக்கள்தான் ஆப்பிள் கருவிகளில் தமிழைக் காட்டுகின்றன.

நூலகத்தில் இரவல் வாங்க முடியுமா?

முடியும், ஆனால் கருவியைப் பொறுத்தது. நூலகங்கள் பலவும் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் 'லிப்பி' செயலி வழியாக மின்னூல் இரவல் தருகின்றன. லிப்பியிலிருந்து கிண்டிலுக்கு நூலை அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். கோபோவின் பல மாடல்களில் ஓவர்டிரைவ் உள்ளேயே இருக்கிறது. பூக்ஸ் போன்ற ஆண்ட்ராய்டு ரீடர்களில் லிப்பி செயலியையே நிறுவிக்கொள்ளலாம், அதே கருவியில் கிண்டில் செயலியும் ஓடும்.

நெகிரி செம்பிலானிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்களுக்கு இது முக்கியம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தில் தமிழ் மின்னூல்கள் இருக்கின்றன, வெளிநாட்டவரும் சந்தா கட்டி உறுப்பினராகலாம். அந்நாட்டின் 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டமும் 2015-இல் அங்கே நிறைவேறியது. வேலை முடிந்து ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், ஒரே நாட்டுக் கடையோடு ஒட்டிக்கொள்ளும் கருவியைவிட ஈபப்பை நேரடியாகத் திறக்கும் கருவி வசதி.

காசு கொடுத்து வாங்கினா அது நம்ம புத்தகம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. நாம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாசகர்களின் நூல்கள் காணாமல் போயின, பணம்தான் திரும்பி வந்தது. கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை 2025 பிப்ரவரியில் அமேசான் நிறுத்தியது. இலவச ஈபப், பிடிஎஃப் கோப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றைக் கணினியில் ஒரு படி, பென்டிரைவில் ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிலுக்கும் அவற்றை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

2024-இல் வந்த அடிப்படைக் கிண்டிலின் அமெரிக்க விலை 110 டாலர், அதாவது ஏறக்குறைய 450 வெள்ளி. இங்கே வந்து சேரும்போது இன்னும் கூடும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் என்பதால், தவறான கருவியை வாங்கினால் அது சின்ன இழப்பில்லை. 500 வெள்ளி வரை விலையுள்ள பொருளை இணையம் வழி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 2024 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கான 8 சதவீத சேவை வரியும் மின்னூல் பில்லில் சேரலாம். உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவில் புத்தகச் செலவைச் சேர்க்கலாம், அச்சு நூலானாலும் மின்னூலானாலும் சரி. ரசீதை வைத்திருங்கள்.

நம்ம தோட்டத்துக் கதை ரீடரில் கிடைக்குமா?

இங்கேதான் பெரிய இடைவெளி இருக்கிறது. தோட்ட வாழ்க்கையை எழுதிய நூல்கள் நமக்கு உண்டு. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' மலேசிய ரப்பர் தோட்டத்து மக்களைப் பற்றியது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதை. இவற்றுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு. எழுத்தாளர் இறந்து மலேசியாவில் 50 ஆண்டும் இந்தியாவில் 60 ஆண்டும் கழியும் வரை, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இலவசத் தளங்களில் சட்டப்படி வர முடியாது. மலேசிய எழுத்தாளர்கள் பலர் சொந்தச் செலவில் சில நூறு படிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழாவிலேயே விற்று முடிக்கிறார்கள். அந்த நூல் மின்வடிவில் வராவிட்டால் எந்த ரீடராலும் அதைக் காட்ட முடியாது. எழுத்தாளரிடம் நேரடியாக அச்சுப் படி வாங்குவதுதான் வழி, அப்போதே "மின்னூலா போடுங்க சார்" என்று கேட்கவும் செய்யலாம்.

தோட்டங்களின் வரலாறு நாவல்களில் மட்டும் இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி குடும்பங்கள் தாமான்களுக்கு மாறின. அந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பல இடங்களில் மிஞ்சியிருப்பது தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கோயில் திருக்குட நன்னீராட்டு மலர் போன்றவைதான். தாத்தா வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், வெளியிட்டவர்களின் அனுமதியோடு கைப்பேசி ஸ்கேன் செயலியில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். கறையான் அரித்துவிட்டால் மறு படி கிடைக்காது.

சுருக்கமாக: யாருக்கு எது?

• தேடிய தலைப்புகள் பெரும்பாலும் அமேசானில் கிடைக்கிறதா? அடிப்படைக் கிண்டில் போதும்.

• இலவச ஈபப், நூலக இரவல், நாடு மாறும் வாய்ப்பு மூன்றும் உள்ளவரா? கோபோ வகை பொருந்தும், தமிழ்ச் சோதனையை முடித்த பிறகு வாங்குங்கள்.

• பழைய ஸ்கேன், தோட்டத்து மலர்கள், ஆய்வு வேலை என்றால் 7.8 அங்குலம் அல்லது அதைவிடப் பெரிய ஆண்ட்ராய்டு ரீடர்.

• மாதம் ஒரு புத்தகம்கூடப் படிப்பதில்லை என்றால் இருக்கும் கைப்பேசியே போதும். அந்தக் காசுக்கு உள்ளூர் எழுத்தாளர்களின் அச்சுப் புத்தகங்களை வாங்கலாம்.