பழைய எழுதுமேசை: வரலாறும் தேர்வும்

எழுதுமேசை என்பது எழுதுவதற்கும், எழுதியவற்றை வைத்துப் பூட்டுவதற்கும் சேர்த்துச் செய்யப்பட்ட மரச்சாமான். வெறும் மேசையிலிருந்து அதை வேறுபடுத்துவது இந்த இரண்டாவது பயன்பாடே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 17-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது பல வடிவங்களை எடுத்தது. பேனா, காகிதம், அஞ்சல், அலுவலகம் ஆகியவை மாறியபோதெல்லாம் மேசையும் மாறியது. ஆகவே பழைய எழுதுமேசை ஒன்றை வீட்டிற்கு வாங்குபவர், அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் அதன் எந்தப் பகுதி உண்மையில் பழையது என்பதையும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

சாய்வுப் பெட்டி

பனையோலையில் எழுத மேசை தேவைப்படவில்லை. ஓலையை இடக்கையில் பிடித்து எழுத்தாணியால் கீறினால் போதும். தமிழில் 'மேசை' என்னும் சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்ததுதான். தோலிலும் காகிதத்திலும் இறகுப் பேனாவால் எழுதிய ஐரோப்பியருக்கு நிலைமை வேறு. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தால் மை ஒரேயடியாக இறங்கிவிடும். பலகையைச் சாய்த்து வைத்தால் பேனா கிடைநிலையை ஒட்டி நிற்கும், மை சீராக வரும். இடைக்கால மடங்களில் படியெடுத்த துறவிகளின் மேசைகள் சாய்வாக இருந்தது இதனால்தான்.

இந்தச் சாய்வுப் பலகையின் அடியில் ஒரு பெட்டியைச் சேர்த்தபோது கையோடு எடுத்துச் செல்லும் எழுதுபெட்டி உருவாயிற்று. தாமஸ் ஜெபர்சன் 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வரைவை எழுதியது இத்தகைய மகாகனிப் பெட்டி ஒன்றின்மேல்தான். அவரே வரைந்து கொடுத்த அமைப்பில் பிலடெல்பியாவின் தச்சர் பெஞ்சமின் ராண்டால்ப் அதைச் செய்தார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் எழுதுபெட்டி 1798 அக்டோபரில் டார்ட்போர்டு நகர விடுதி ஒன்றில் தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறும் வழியில் சென்றுவிட்டது. குதிரையில் ஆள் விரட்டிப் போய் மீட்டு வந்தார். அதில் அவருடைய 7 பவுண்டு பணமும் இருந்தது. எழுதும் இடமே பணப்பெட்டியாகவும் இருந்த காலம் அது. இப்பெட்டி 1999-இல் பிரித்தானிய நூலகத்திற்கு அளிக்கப்பட்டது.

பெட்டிக்குக் கால்கள்

பிரெஞ்சு மொழியில் 'பூர்' என்பது முரட்டுக் கம்பளித் துணி. மேசைமேல் விரித்த அத்துணியின் பெயர் 'பியூரோ' என்று மேசைக்கு ஆயிற்று, பிறகு மேசை இருந்த அறைக்கும் அங்கு நடந்த நிர்வாகத்திற்கும் ஆயிற்று. 'பியூரோக்ரசி' என்ற சொல்லின் அடியில் இருப்பது ஒரு துணிதான்.

பிரான்சில் இம்மரச்சாமான் அரச ஆடம்பரத்தின் உச்சியைத் தொட்டது. பதினைந்தாம் லூயிக்காக ஜான் பிரான்சுவா ஓபன் 1760-இல் தொடங்கிய உருளைமூடி மேசையை, அவர் 1763-இல் இறந்தபின் ஜான் ஆன்ரி ரீஸ்னர் 1769-இல் முடித்தார். வெர்சாய் அரண்மனையில் உள்ள அந்த மேசையைச் செய்து முடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. மூடியை இறக்கிவிட்டால் மன்னரின் காகிதங்கள் அப்படியே மறைந்துவிடும், எதையும் அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பரவிய வடிவம் எளியது. கீழே இழுப்பறைகள், மேலே சாய்வான மூடி. மூடியை முன்னால் இறக்கினால் அதுவே எழுதும் பலகை. இரண்டு பக்கமும் இழுத்து விடும் சட்டங்கள் அதைத் தாங்கும். உள்ளே சிறுசிறு அறைகள், அவற்றின் தூண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கள்ள அறை. இதன்மேல் கண்ணாடிக் கதவுள்ள புத்தக அலமாரியை ஏற்றியதும் உண்டு. தாமஸ் சிப்பெண்டேல் 1754-இல் வெளியிட்ட மரச்சாமான் வரைபட நூலில் இவ்வகை மேசைகள் இடம்பெற்றன.

'டேவன்போர்ட்' என்னும் குறுகிய மேசை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. லங்காஸ்டரின் கில்லோஸ் நிறுவனம் கேப்டன் டேவன்போர்ட் என்பவருக்குச் செய்து கொடுத்ததால் இப்பெயர். மேலே சாய்வு, இழுப்பறைகள் பக்கவாட்டில். 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. அதுவரை தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு வாங்கிய கட்டணம், அரை அவுன்சுக்கு ஒரு பென்னி என்று ஒரே சீராயிற்று. நடுத்தரக் குடும்பங்களில் கடிதம் எழுதுவது அன்றாட வேலையானது. விக்டோரியா காலத்து வீடுகளில் டேவன்போர்ட் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் காகிதங்கள் மடித்து, மேலே குறிப்பெழுதி, புறாக்கூடு போன்ற சிற்றறைகளில் செருகப்பட்டன. இந்தியானாபொலிஸ் நகர வில்லியம் வூட்டன் 1874-இல் காப்புரிமை பெற்ற மேசை அந்த முறையின் உச்சம். இரண்டு கதவுகளைத் திறந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் தெரியும். அதைத் தொடர்ந்து, மெல்லிய சட்டங்களைக் கான்வாஸ் துணியில் ஒட்டிய சுருள்மூடி மேசை தொழிற்சாலைகளில் பெருமளவில் செய்யப்பட்டது. தட்டச்சுப்பொறியும் கார்பன் தாளும் தாள்களை நிமிர்த்தி அடுக்கும் கோப்புப் பெட்டியும் வந்தபின் மடித்த காகிதத்திற்கு இடமில்லாமல் போயிற்று. சிற்றறைகள் தேவையற்றவை ஆயின. 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் தட்டையான மேசைகள் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டன.

காலத்தைக் கண்டறிதல்

பெயரை வைத்துக் காலத்தைக் கணிப்பது நம்பத்தகாதது. எட்டுக் கால்கள் கொண்ட 'மசாரின் மேசை' என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டில் இடப்பட்டது. கர்தினால் மசாரினோ 1661-இலேயே இறந்துவிட்டார். முகப்பின் வேலைப்பாடும் அவ்வளவு உதவாது, ஏனெனில் 19-ஆம் நூற்றாண்டுத் தச்சர்கள் முந்தைய நூற்றாண்டின் பாணிகளை மிகத் திறமையாகத் திரும்பச் செய்தனர். யாரும் மெருகூட்டாத இடங்களே சாட்சி சொல்லும். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, அதன் அடிப்பலகையையும் மேசையின் முதுகையும் பார்க்க வேண்டும்.

கையால் அறுத்த பலகையில் ரம்பத்தின் தடங்கள் நேராகவும் சற்று ஒழுங்கற்றும் இருக்கும். வளைகோடுகளாகத் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. மரச்சாமான் தொழிலில் அந்த ரம்பம் 1830-களுக்குப் பிறகே பரவலாயிற்று. இழுப்பறையின் மூலைகளைப் பூட்டும் புறாவால் மூட்டுகள் கைவேலையில் ஒன்றுபோல் ஒன்று இராது. எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் இயந்திரம் வெட்டியது. அரைவட்டமும் நடுவே ஒரு முளையுமாக மூட்டு இருந்தால், அது 1870-களிலிருந்து சுமார் 1900 வரை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. திருகாணியும் நல்ல தடயம். முனை மழுங்கி, தலையிலுள்ள வெட்டு நடுவிலிருந்து விலகியிருந்தால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையது. கூர்முனைத் திருகாணிகள் அதற்குப் பின்னரே வந்தன. ஆனால் திருகாணியைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

கூட்டுச் சாமான்கள்

சந்தையில் உள்ள சிக்கல் முழுப் போலிகளைவிட, பாதி உண்மையான மேசைகளே. ஒரு மேசையின் கீழ்ப்பகுதியும் இன்னொன்றின் புத்தக அலமாரியும் சேர்ந்து ஒரே சாமானாக விற்கப்படும். இரண்டும் பழையவைதாம், ஆனால் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல. இரண்டின் முதுகுப் பலகைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். அலமாரியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. அதனடியில் மறைந்திருக்க வேண்டிய இடத்தில் விலையுயர்ந்த வெனீர் ஒட்டப்பட்டிருந்தால், அம்மேசை ஒரு காலத்தில் அலமாரியின்றித் தனியாக நின்றது என்று பொருள். எந்தத் தச்சரும் யாரும் பார்க்காத இடத்தில் நல்ல மரத்தை வீணாக்கியதில்லை.

சதுரப் பியானோக்கள் வழக்கொழிந்தபோது அவற்றின் உட்பகுதியை அகற்றி எழுதுமேசைகளாக மாற்றினர். முகம்கழுவு மேசைகளுக்கும் இதே கதி நேர்ந்தது. அடைக்கப்பட்ட துளைகளும் காரணமற்ற வெட்டுகளும் இத்தகைய மாற்றங்களைக் காட்டிக்கொடுக்கும். இழுப்பறை முகப்பின் உட்புறத்தில் கூடுதல் துளைகள் இருந்தால் கைப்பிடி மாற்றப்பட்டுள்ளது. அது சிறு குறைதான். மேற்பரப்பின் தோல் விரிப்பு புதியதாக இருப்பதும் பெரிய குறையன்று, ஏனெனில் அது தேய்வதற்கென்றே இருப்பது. பழைய மெருகை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிப் பளபளப்பாக்கியிருப்பதே பெரிய இழப்பு. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

வீட்டில்

மடிக்கணினிக்கு, இறக்கும் மூடியுள்ள மேசை ஓரளவு பொருந்தும். ஆனால் தாங்குசட்டங்களை இழுக்காமல் மூடியை இறக்கினால் கீல்கள் பிய்ந்துவிடும். பழைய மேசைகளில் மிகுதியாகக் காணப்படும் சேதம் இது. டேவன்போர்ட்டின் சாய்வில் கணினி நிற்காது. அது கையால் எழுதுபவருக்கு உரியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து முழங்கால்குழி மேசைகள் சில ஒப்பனைக்கும் பயன்பட்டவை, குழி மிகக் குறுகலாக இருக்கும். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்காமல் இவற்றை வாங்குவது வீண்செலவு. நாள் முழுதும் வேலை செய்பவருக்கு இருபுறமும் இழுப்பறைத் தொகுதிகள் கொண்ட 19-ஆம் நூற்றாண்டுத் தட்டை மேசையே ஏற்றது.

குளிர்நாட்டு மேசைகளின் வெனீர் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால் ஒட்டப்பட்டது. ஈரப்பதம் மிகுந்தால் அது இளகும். குளிரூட்டியின் வறண்ட காற்று நேராகப் பட்டால் பலகை சுருங்கி வெனீர் வெடிக்கும். பழுதுபார்க்கும்போதும் வச்சிரத்தையே பயன்படுத்துவது மரபு. வெப்பமும் ஈரமும் கொடுத்து அதைப் பிறகு பிரிக்கலாம். செயற்கைப் பசையால் ஒட்டியதைப் பிரிக்கும்போது பெரும்பாலும் மரமும் சேர்ந்து கிழியும்.

சட்டநிலை

'ஆன்டிக்' என்ற சொல்லுக்கு நூறாண்டு என்னும் வரம்பு பல நாடுகளில் வழங்குகிறது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1930-இல் 1830-க்கு முந்தையவற்றை மட்டுமே அவ்வாறு கருதியது. நூறாண்டு வரம்பு 1966-இல் வந்தது. மதுவின் விளைச்சல் ஆண்டைக் குறித்த 'விண்டேஜ்' என்ற சொல்லை மரச்சாமானுக்கு வழங்கும்போது அத்தகைய வரையறை ஏதுமில்லை, விற்பவர் விருப்பம்தான்.

சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்காகத் தந்தம் பதித்த எழுதுமேசைகளையும் எழுதுபெட்டிகளையும் செய்தனர். ஐரோப்பிய வடிவமும் கோரமண்டல் கரையின் கைத்திறனும் கலந்த அவை இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. 2018-ஆம் ஆண்டின் தந்தச் சட்டத்தின்படி பிரிட்டனில் இத்தகையவற்றை விற்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. 1947-க்கு முன் செய்யப்பட்டு, தந்தத்தின் அளவு பத்து விழுக்காட்டிற்குக் குறைவாக இருப்பது விலக்குகளில் ஒன்று. அதற்கும் பதிவு தேவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அத்தகைய மேசையை உள்நாட்டில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்ய முடியாது.