முன்னாள் இராணுவ வீரர் கல்லூரியில் சேர்ந்தால்: ஓகேயு அட்டை ஏன் முக்கியம்?

இராணுவத்தில் காயம்பட்டு வெளியே வந்த அண்ணனோ மாமாவோ உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இனிமேல் படிக்கலாம்னு யோசிக்கிறாரா? அப்படியென்றால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சு தரும் நிதியுதவியைப் பெற, முன்னாள் வீரர் அட்டை மட்டும் போதாது. சமூகநலத் துறையின் ஓகேயு அட்டையும் வேண்டும்.

ஏன் ரெண்டு அட்டை?

முன்னாள் வீரர்களின் நலனைத் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் வீரர் விவகாரத் துறை கவனிக்கிறது. வகுப்பறையோ உயர்கல்வி அமைச்சின் பொறுப்பு. அங்கே ஒருவர் வீரராக இருந்தாரா என்று பார்ப்பதில்லை, மாற்றுத்திறனாளியாகப் பதிந்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களை மனத்தில் வைத்து, 1948-இல் இலினாய் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம், பிறகு மற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் கதவைத் திறந்தது.

யார் பதியலாம்?

கை, கால் இழந்தவர் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உடல், பார்வை, செவி, பேச்சு, கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என மொத்தம் 7 பிரிவுகள் உள்ளன. துப்பாக்கிச் சத்தத்தில் காது மந்தமானவரும், நீடித்த மனநலப் பாதிப்பு உள்ளவரும், மருத்துவர் உறுதிப்படுத்தினால் விண்ணப்பிக்கலாம். வெளியே தெரியாத காயமும் காயம்தான்.

எங்கே பதிவது?

பதிவு தானாக நடக்காது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். போர்ட் கிள்ளானில் இருப்பவர் கிள்ளான் மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகலாம். பாரத்தில் மருத்துவரின் உறுதிமொழி தேவை. அதற்குத் துங்கு அம்புவான் ரஹிமா போன்ற அரசாங்க மருத்துவமனைக்குப் போகலாம்.

என்ன கிடைக்கும்?

தகுதி பெறும் மாணவருக்கு, பிகேஓகேயு திட்டத்தில் மாதம் 300 ரிங்கிட் கைச்செலவுப் பணமும், ஒரு வரம்புக்குள் கல்விக் கட்டணமும் கிடைக்கும். கொமுட்டர் ரயிலில் பாதிக் கட்டணம். போர்ட் கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் பக்கம் தினமும் போய்ப் படிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எஸ்.பி.எம். முடிவு கைகொடுக்கவில்லையா? 20 வயது நிரம்பி, வேலை அனுபவம் உள்ளவர், அப்பெல் மதிப்பீடு வழியாக டிப்ளோமாவுக்கு முயற்சி செய்யலாம். இராணுவத்தில் கற்ற தொழிலும் அனுபவம்தானே.

கல்லூரி மறுத்தால்?

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, பிரிவு 28-இன்படி, அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் கட்டட வசதி, கருவிகள், பாடப் பொருள், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும். ஆனால் மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. சாய்தளம், லிஃப்ட், தேர்வில் கூடுதல் நேரம் என்று எது தேவையோ, அதைக் கட்டணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்த பிறகு அட்டைக்கு அலைய வேண்டாம். முதலில் ஓகேயு பதிவு, அப்புறம் கல்லூரி விண்ணப்பம்.