கண்ணுக்குள் வைத்த வில்லை

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தா பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி மறந்திருக்காது. சோடாபுட்டிக் கண்ணாடி என்போம். தடித்த வில்லைகளுக்குப் பின்னால் கண்கள் இரண்டும் பூதாகரமாகத் தெரியும். அதன் கனத்தில் மூக்கில் தழும்பு விழுந்திருக்கும். நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. படி இறங்கும்போது தரை பக்கத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றி, கால் தடுமாறும். ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் நடந்திருந்தால் அந்தக் கண்ணில் உருவம் பெரிதாகவும் மற்ற கண்ணில் சிறிதாகவும் விழுந்து தலை சுற்றும். கண்ணாடி கீழே விழுந்து உடைந்துவிட்டால் எல்லாம் பழையபடி மங்கல். இன்னொன்று வாங்கக் காசில்லாதவர்கள் திண்ணையோடு முடங்கிப்போனார்கள்.

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான வில்லை மங்கிப்போவது. ஆபரேஷனில் மங்கிய வில்லையை எடுத்துவிடுவார்கள். எடுத்த இடம் காலியாகவே இருக்கும். உள்ளே இருந்த வில்லை செய்துவந்த வேலையை மூக்கின் மேல் உட்கார்ந்த கண்ணாடி செய்தது.

எடுத்த இடத்தில் இன்னொரு வில்லையை வைத்தால் என்ன? மிக எளிய கேள்வி இது. வில்லையைக் கண்ணிலிருந்து வெளியே எடுக்கும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தவியேல் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்தார். அதற்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், ஒன்றிரண்டு செவிவழிக் கதைகளைத் தவிர, யாரும் அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகவில்லை. கண்ணுக்குள் அந்நியப் பொருள் எதுவும் தங்கக் கூடாது, இருந்தால் எடுத்தாக வேண்டும் என்பது கண் மருத்துவம் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே கற்கும் பாடம். அது தப்பான பாடமும் இல்லை. இரும்புத் துகளோ செம்புத் துகளோ உள்ளே தங்கினால் கண்ணே போய்விடும். எடுப்பதற்கென்றே பழகிய கைக்கு, வைப்பதைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15. இங்கிலாந்தின் வான்வெளியில் ஜெர்மானிய விமானங்களோடு கடும் சண்டை. ஹரிக்கேன் போர் விமானம் ஒன்றின் மேல்மூடி குண்டடி பட்டுச் சிதறியது. விமானி கார்டன் க்ளீவரின் இரண்டு கண்களுக்குள்ளும் அந்தத் துண்டுகள் பாய்ந்தன. வலக்கண் பார்வை அதோடு போயிற்று. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஹெரால்டு ரிட்லி என்ற லண்டன் கண் மருத்துவரும் ஒருவர். இடக்கண்ணுக்குள் தங்கிவிட்ட சில்லுகளை அவர் தொடர்ந்து கவனித்துவந்தார். உலோகமாக இருந்தால் கண் சிவந்து வீங்கி அழற்சி கண்டிருக்கும். இந்தச் சில்லுகளோ அசையாமல் கிடந்தன. கண் அவற்றைச் சட்டையே செய்யவில்லை.

விமானத்தின் மேல்மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. போர்க் காலத்தில் இப்படிக் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் பாய்ந்த விமானிகள் க்ளீவர் மட்டுமல்ல, அவர்களைப் பார்த்த டாக்டர்களும் ரிட்லி மட்டுமல்ல. மற்றவர்கள் 'நல்லவேளை, தொந்தரவு இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்கள். கண் பொறுத்துக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டென்றால் அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்ற யோசனை ரிட்லியை விடவில்லை. போர் முடிந்த பின், அவர் புரை ஆபரேஷன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்காதது ஏன் என்று கேட்டாராம். பலர் இப்படிப்பட்ட கேள்வியைச் சிரித்து ஒதுக்கியிருப்பார்கள். ரிட்லிக்கு அது காரியத்தில் இறங்கவேண்டிய வேளை வந்ததன் அடையாளமாகப் பட்டது.

ரேனர் என்ற கண்ணாடிக் கம்பெனியின் ஜான் பைக்கோடு பேசினார். மருத்துவத்துக்கு ஏற்றபடி கூடுதல் சுத்தமான பெர்ஸ்பெக்ஸை ஐசிஐ நிறுவனம் செய்துதந்தது. இயற்கை வில்லையின் வடிவத்தை அப்படியே பின்பற்றி வில்லையைச் செய்தார்கள். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஆபரேஷன் நடந்தது. அதை இரண்டு கட்டமாகச் செய்தார் ரிட்லி. வில்லை நிரந்தரமாகக் கண்ணுக்குள் அமர்ந்தது 1950 பிப்ரவரியில்.

அந்தப் பெண்ணுக்குப் பார்வை தெளிவாக அமையவில்லை. சுமார் 18 டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை! அவ்வளவு பெரிய பிழை. இயற்கை வில்லையைவிடப் பெர்ஸ்பெக்ஸ் ஒளியை அதிகம் வளைக்கக்கூடியது. வடிவத்தை அப்படியே நகலெடுத்ததால் வில்லையின் பவர் மிகையாகிவிட்டது. இந்த இடத்தில் ரிட்லி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபரேஷன் தோற்றது என்று அவர் கோப்பை மூடவில்லை. கண் வில்லையை ஏற்றுக்கொண்டது, கணக்குதான் தப்பு. கணக்கைத் திருத்தலாம் என்று பிரித்துப் பார்த்தார். அடுத்தடுத்த வில்லைகளின் வளைவைக் குறைத்தார். மனசு தளர்ந்த நேரத்தில் இப்படிப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. ஒரு சறுக்கல் வந்தவுடன் நாம் எல்லாவற்றையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

எதிர்ப்பு வரும் என்று தெரிந்ததால் விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார். நோயாளி ஒருவர் தவறுதலாக ரிட்லி என்றே பெயர் கொண்ட இன்னொரு கண் மருத்துவரிடம் போய்விட, ரகசியம் உடைந்தது. 1951 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு கண் மருத்துவ மாநாட்டில், ஆபரேஷன் முடிந்த நோயாளிகளையே கையோடு அழைத்துப்போய்ப் பேசினார். அன்றைக்குப் பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெரிய தலை சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர். அந்த நோயாளிகளின் கண்ணைப் பரிசோதித்துப் பார்க்கக்கூட அவர் மறுத்துவிட்டார்.

மறுத்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ரிட்லியின் வில்லை நூறு மில்லிகிராமுக்கு மேல் எடை கொண்டது. இன்றைய வில்லையோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தக் கனம் தாங்காமல் சிலருக்கு வில்லை இடம் பெயர்ந்தது. சிலருக்குக் கண் அழற்சி வந்தது, கண்ணழுத்தம் ஏறியது. வில்லையைத் திரும்ப எடுக்க வேண்டியும் வந்தது. பார்வையோடு விளையாடுகிறார் என்று கண்டித்தவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்றை எதிர்ப்பது வேறு, கண் முன் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கவே மாட்டேன் என்பது வேறு. முதலாவது கண்டனம் வில்லையைத் திருத்த உதவியது. இரண்டாவது எதற்கும் உதவவில்லை.

ரிட்லி இந்த எதிர்ப்பால் உள்ளுக்குள் நொந்துபோனார். ஆனாலும் பின்வாங்கவில்லை. காப்புரிமையும் எடுக்கவில்லை. நெதர்லாந்தில் பின்கோர்ஸ்ட், இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி, தென்னாப்பிரிக்காவில் எப்ஸ்டைன் என்று ஆங்காங்கே ஓரிருவர் வில்லையைக் கையிலெடுத்து வெவ்வேறு வடிவங்களில் செய்து பார்த்தார்கள். பல வடிவங்கள் தோற்றன. ஒவ்வொரு தோல்வியும் வில்லை எங்கே உட்காரக் கூடாது, எந்த விளிம்பு கருவிழியை உரசும் என்று ஒரு தகவலை விட்டுச்சென்றது. 1966இல் ரிட்லியும் பீட்டர் சாய்ஸும் சேர்ந்து இந்தச் சிறு கூட்டத்துக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வில்லைக்கு முறையான ஒப்புதல் வழங்கியது 1981இல்தான். முதல் ஆபரேஷனிலிருந்து 32 ஆண்டுகள்!

பிற்காலத்தில் ரிட்லியின் இரு கண்களிலும் புரை விழுந்தபோது, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருக்கும் வில்லை வைத்தார்கள். விமானி க்ளீவரின் மிஞ்சிய கண்ணுக்கும் வயதான காலத்தில் வில்லை வந்தது. 2000இல் சர் பட்டம் பெற்ற ரிட்லி, 2001இல் தமது 94ஆம் வயதில் காலமானார்.

வில்லையின் கதையில் பாதிதான் இது. மீதிப் பாதி மதுரையில் நடந்தது.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சிறுவயதில் பார்த்ததால் பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முடக்குவாதம் தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் கோணிப் போயிருந்தன. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு போயிற்று. அதன் பிறகு அவர் தேர்ந்தெடுத்ததோ அறுவை மருத்துவத்திலேயே விரல் நுணுக்கம் மிக அதிகம் தேவைப்படும் கண் மருத்துவத் துறை! கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். அந்தக் கைகளால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார்.

1976இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பெரும்பாலானவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் வயசு. டாக்டர் வி. என்று எல்லோரும் அழைத்த அவர், தங்கை நாச்சியார், அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி முதலான குடும்பத்தாரைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு உள்ளவர்கள் கட்டுவார்கள், இல்லாதவர்களுக்கு இலவசம்.

உள்விழி லென்ஸ் என்று அழைக்கப்படும் இந்த வில்லை 1980களில் இங்கேயும் வந்தது. ஆனால் வெளிநாட்டு வில்லை ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டி இருந்தது. அதனால் அரவிந்திலும் காசு கட்டியவர்களுக்கு லென்ஸ், இலவசக் கண் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஆயிற்று. டாக்டர் வி.க்கு இது பொறுக்கவில்லை. ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும், இவ்வளவு நுட்பமான பொருளை அங்கே தயாரிக்க முடியாது என்பது சர்வதேச வல்லுநர்கள் பலரின் கருத்தாக இருந்தது. கண்ணுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்ற பழைய சுவர் இடிந்த இடத்தில், ஏழையின் கண்ணுக்கு இது எதற்கு என்ற புதுச் சுவர் எழுந்திருந்தது. இரண்டாவது சுவரைத்தான் நான் கொடியது என்பேன். முதல் சுவரை எழுப்பியது நோயாளிக்குக் கெடுதல் வந்துவிடுமோ என்ற பயம். இரண்டாவதை எழுப்பியது, இவர்களுக்கு இவ்வளவு போதும் என்ற தீர்மானம்.

அமெரிக்காவின் சேவா அமைப்பைச் சேர்ந்த டேவிட் கிரீன் துணைக்கு வந்தார். தொழில்நுட்பத்தை வாங்கி, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையில் நிறுவினார்கள். பிளாஸ்டிக்கைக் கடைசல் எந்திரத்தில் கடைந்தால், ஆறு மில்லிமீட்டர் அகல வட்டம் ஒன்று கிடைக்கும். அதன் இருபுறமும் வில்லையைக் கண்ணுக்குள் பிடித்து நிறுத்தும் மெல்லிய வளைந்த கால்கள். நுண்ணிய கண்ணாடி மணிகளோடு சேர்த்து நாள்கணக்கில் உருட்டினால்தான் விளிம்பின் கூர் மழுங்கி வழவழப்பாகும். பிறகு ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கீறல் இருந்தாலும் கழித்துவிட வேண்டியதுதான். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். இது உங்களால் ஆகாது என்று உலகம் சொன்ன வேலையை அவர்கள் பொறுமையாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆரோலேப் வில்லையின் விலை பத்து டாலருக்குக் கீழே வந்து, மேலும் இறங்கியது. முகாமில் வந்தவர்களுக்கும் லென்ஸ் கிடைத்தது. இன்று மதுரை வில்லை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

மனசில் உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று மேடையில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. பெர்ஸ்பெக்ஸ் இல்லாமல் ரிட்லியால் ஒன்றும் செய்திருக்க முடியாது, தொழில்நுட்பமும் பணமும் குடும்பமும் இல்லாமல் டாக்டர் வி.யாலும் முடிந்திருக்காது. ஆனால் பெர்ஸ்பெக்ஸைப் பலர் பார்த்தார்கள், விலைப்பட்டியலையும் பலர் பார்த்தார்கள். பார்த்ததை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், இதில் எது மாற்றக்கூடியது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

மூன்றாவது சுவர் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது நம் வீட்டுக்குள். “வயசாயிடுச்சு, இனிமே எனக்கு எதுக்குக் கண்ணு? உங்களுக்குத்தான் செலவு” என்று அம்மாவோ மாமியாரோ பெரியப்பாவோ சொல்கிறார்கள். நாமும் சரி என்று இருந்துவிடுகிறோம். சுவரைத் தடவி நடப்பது, சோற்றில் கல்லைக் கையால் தேடுவது, பேரப்பிள்ளையைக் குரலை வைத்து அடையாளம் காண்பது எல்லாம் முதுமையின் இயல்பு என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது புரைதான். ஆபரேஷன் சில நிமிட வேலை, பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். இந்த வாரமே அவர்களை ஒரு கண் மருத்துவமனைக்கோ பக்கத்தில் நடக்கும் கண் முகாமுக்கோ அழைத்துப் போங்கள்.