மூன்று காரணங்கள்

2020ஆம் ஆண்டுக் கோடையில், தமிழ்நாட்டில் ஒருவன் மாவட்டம் விட்டு மாவட்டம் போவதற்கு மூன்று காரணங்கள் அங்கீகரிக்கப்பட்டிருந்தன. நெருங்கிய உறவினரின் திருமணம், நெருங்கிய உறவினரின் மரணம், அவசர மருத்துவம். வெளியூரில் சிக்கிக்கொண்டவர்கள் ஊர் திரும்புவது பிறகு சேர்ந்தது. இ-பாஸ் என்று பெயர் பெற்ற அந்த அனுமதிச் சீட்டுக்கான விண்ணப்பங்களை நூறு வருஷம் கழித்து ஒரு சரித்திர ஆசிரியன் எடுத்துப் பார்ப்பானாகில், அந்த வருஷத்துத் தமிழன் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெதற்கும் வீட்டை விட்டு நகர விரும்பாதவன் என்றுதான் முடிவு கட்டுவான். ஆவணம் அப்படித்தான் சொல்லும். ஆவணங்களில் ஒன்று என்னுடையது. அது பொய் என்பது எனக்குத் தெரியும்.

இதை ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்வது நல்லது. ஊரடங்கைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகள் பெரும்பாலானவற்றில் எழுதியவன் சுத்தமானவனாகவே இருக்கிறான். ஜன்னலருகே நின்று, காலியான தெருவையும் திரும்பி வந்த பறவைகளையும் பார்த்து உருகுகிறான். அந்த ஜன்னலுக்கு வாடகை எவ்வளவு, அன்று காலை பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டவன் யார் என்ற கேள்விகள் அவனுக்கு எழுவதில்லை. தனிமை என்பது நம் புதுக்கவிதைக்கு ஏற்கெனவே கையிருப்பில் இருந்த சரக்கு. கொரோனா அதற்குப் புது விலாசம் கொடுத்தது, அவ்வளவே.

நான் ஜன்னலருகே இருக்கவில்லை. சென்னையில் ஒரு வங்கிக் கிளையின் கவுண்ட்டரில் இருந்தேன். 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசி, நள்ளிரவு முதல் இருபத்தோரு நாள் நாடு மூடப்படும் என்று அறிவித்த நான்கு மணி நேரத்துக்குள் நான் அத்தியாவசியமானவன் ஆகிவிட்டேன். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை அதுவரை கேண்டீனில்கூட யாரும் பார்த்திராத ஒரு பொருள். மறுநாளிலிருந்து அதைக் காட்டினால் லத்தி தாழ்ந்தது.

ஏப்ரலில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு ஐந்நூறு ரூபாய் வந்தது. மாதம் ஐந்நூறு, மூன்று மாதத்துக்கு. கூட்டம் சேராமலிருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் ஒதுக்கினார்கள்: 0, 1 என்றால் 3ஆம் தேதி, 2, 3 என்றால் 4ஆம் தேதி, 4, 5க்கு 7ஆம் தேதி, 6, 7க்கு 8ஆம் தேதி, 8, 9க்கு 9ஆம் தேதி. பிறந்த நட்சத்திரத்தைப் போல ஒவ்வொருத்திக்கும் ஓர் இலக்கம். வாசலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தோம். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வட்டங்களில் ஆட்கள் இல்லை, செருப்புகள் இருந்தன. செருப்பை இடம்பிடிக்க வைத்துவிட்டு எதிர்க் கட்டட நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றே எடுக்காவிட்டால் சர்க்கார் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும் என்று ஒரு வதந்தி. அப்படி இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கண்ணாடிக்கு இப்புறமிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தி சொன்னாள்: "நீங்க சொல்றீங்க சார், ராத்திரி எட்டு மணிக்கு வேற சொன்னா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதியும் இரவு எட்டு மணிதான். அன்று செல்லாமல் போனவற்றில் அவள் கையிலிருந்ததும் ஐந்நூறு ரூபாய் நோட்டாக இருந்திருக்கலாம்.

மக்கள் அறியாமையால் பீதி கொள்கிறார்கள் என்பது படித்தவர்களின் பழைய பல்லவி. அந்தப் பெண்ணிடம் இருந்தது அறியாமையல்ல, ஞாபகம்.

2

சட்டத்துக்கும் ஞாபகம் உண்டு. 2020 மார்ச்சில் மாநிலங்கள் கையிலெடுத்த தொற்றுநோய்ச் சட்டம் 1897 பிப்ரவரி 4ஆம் தேதியது. பம்பாயின் மாண்ட்வி பகுதியில் 1896 செப்டம்பரில் பிளேக் கண்டறியப்பட்டு, நகரத்து ஜனங்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் அவசரமாகப் பிறந்தது. மொத்தம் நான்கே பிரிவுகள். அவசியம் என்று தோன்றும் எந்த நடவடிக்கையையும் சர்க்கார் எடுக்கலாம். ரயிலில் வருபவர்களைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம். மீறுபவனை இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கலாம். நல்லெண்ணத்துடன் செயல்பட்ட எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் இந்தச் சட்டத்தில் நோயாளியின் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பூனாவில் அந்தச் சட்டம் வெள்ளைச் சிப்பாய்களின் பூட்ஸ் காலுடன் வீடுகளுக்குள் புகுந்தது. பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22ஆம் தேதி, விக்டோரியா ராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். அதே ஆண்டு திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் பாடப்புத்தகத்தில் பிளேக் என்பது சுதந்திரப் போராட்டத்துக்குப் பின்னணி. பின்னணியில் செத்தவர்கள் பின்னணியாகவே இருந்துவிடுகிறார்கள்.

சென்னை மாகாணத்துக்கு நோய் வந்தபோது பயணிகளுக்குப் பிளேக் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டது. நோய் கண்ட ஊரிலிருந்து வருகிறவன் பெயர், போகுமிடம் எல்லாம் எழுதிய சீட்டுடன் போய், சேர்ந்த ஊரில் பத்து நாள்வரை அதிகாரி முன் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். உயர்ந்த வகுப்பில் வருகிறவர்களிடம் சோதனைக்காரர்கள் காட்டிய மரியாதை மூன்றாம் வகுப்புக்கு இறங்கி வரவில்லை. நம்மவர்கள் இதற்கெல்லாம் பதிலாக ஒரு தெய்வத்தைச் செய்துகொண்டார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் இன்றும் இருக்கிறாள். நோயின் ஆங்கிலப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அவளளவுக்கு அந்த அனுபவத்தை நேரடியாக ஏற்ற நவீன இலக்கியம் நம்மிடம் உண்டா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களின் கதை இன்னும் நெருக்கமானது. மண்டபத்தில், இந்திய மண்ணில், இலங்கை சர்க்கார் நடத்திய முகாமில் அவர்கள் நாள் கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு, துணிமணிகள் புகை போடப்பட்டு, சோதிக்கப்பட்ட பிறகே கடல் தாண்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று அவர்கள் கழுத்தில் தொங்கியது. பயணத்துக்கான அனுமதியும் ஆளின் முகவரியும் கடனின் ரசீதும் அந்த ஒரே தகரம்தான். பிற்பாடு அதே மண்டபம் எதிர்த்திசையில் வந்த அகதிகளுக்கு முகாமாயிற்று. ஒரே இடம் இருவகைக் காத்திருத்தலுக்கும் பயன்பட்டது.

3

பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்ற முறையில் டீஃபோவின் பிளேக் வருஷக் குறிப்பேட்டை அந்தக் கோடையில் மறுபடி எடுத்தேன். கல்லூரியில் அதை நாவலின் தோற்றம் என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரியில் கடந்திருந்தோம். 1665இல் லண்டனில் பிளேக் வந்தபோது டீஃபோ ஐந்து வயதுப் பையன். புத்தகம் வெளியானது 1722இல். ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பின், ஹெச்.எஃப். என்ற சேணக்காரனைக் கதைசொல்லியாக்கி, வாராந்திர மரணப் பட்டியல்களை இடையிடையே ஒட்டி, நேரில் பார்த்தவனைப் போல எழுதியிருக்கிறான்.

என்னை நிறுத்தியது இரண்டு இடங்கள். ஒன்று, புத்தகத்தின் ஆரம்பத்தில் கதைசொல்லியின் பயணத் திட்டம். போவதா இருப்பதா என்று பக்கம் பக்கமாகத் தடுமாறுகிறான். அண்ணன் போகச் சொல்கிறார். குதிரை கிடைக்கவில்லை. வேலைக்காரன் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். வெளியே லார்ட் மேயரின் வாசலில் ஆரோக்கியச் சான்றிதழுக்கும் வழிச்சீட்டுக்கும் கூட்டம்; சீட்டில்லாதவனை வழியிலுள்ள ஊர்கள் உள்ளே விடாது. கடைசியில் அவன் தங்கிவிட்டதற்குத் தெய்வச் சித்தம் பாதி, கடையும் சரக்கும் பாதி.

மற்றது மூன்று ஏழைகளின் கதை. பிஸ்கட் சுடுகிறவன், பாய்மரம் தைக்கிறவன், தச்சன். இருந்தால் பட்டினி, நடந்தால் பிழைக்கலாம் என்று லண்டனின் கிழக்கோரத்திலிருந்து கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ஊர்கள் மறிக்கின்றன. ஓரிடத்தில் ஒரு காவலரிடம், தாங்கள் லண்டனில் இருந்ததில்லை என்று சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் வசித்த பகுதி நிர்வாகக் கணக்கில் லண்டன் நகர எல்லைக்குள் வராது. எனவே சான்றிதழ் எழுத்தளவில் உண்மை, வேறெல்லா அளவிலும் பொய். டீஃபோ இதை மறைக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. அந்தச் சீட்டு எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறான், அவ்வளவுதான். 1665இன் பட்டியல்கள் லண்டனில் 68,596 பேர் பிளேக்கால் இறந்ததாகக் கணக்குச் சொல்கின்றன. ஒரு சீட்டு எப்படிப் பொய்யாயிற்று என்பதைப் பட்டியல் சொல்லாது. நாவல் என்ற வடிவத்துக்குத் தேவை ஏற்பட்டது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

என் சீட்டுக்கு வருகிறேன். அம்மா தஞ்சைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தாள். அப்பா இறந்து நான்கு வருஷம். சித்திரையில் நான் வந்து பதினைந்து நாள் இருப்பது வழக்கம். ரயில் டிக்கெட் ஜனவரியிலேயே எடுத்தாயிற்று. மார்ச் 22இலிருந்து பயணிகள் ரயில்கள் நின்றன. டிக்கெட் பணம் திரும்பி வந்தது. அம்மா போனில் ஒன்றும் கேட்கவில்லை. "நீ எப்ப வர்றே" என்று கேட்காததுதான் கேள்வி என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

விண்ணப்பத்தில் "அம்மா தனியாக இருக்கிறாள்" என்று எழுத இடமில்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்தார். ரத்த அழுத்தம் உண்மை. உடனடியாக மகன் வர வேண்டும் என்பது கடிதத்தின் கற்பனை. 2020 ஜூன் முதல் வாரத்தில் அனுமதி கிடைத்தது. வாடகைக் காரில் போனேன். மாவட்ட எல்லையில் போலீஸ்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கனிவாகக் கேட்டார். "பரவாயில்லை" என்றேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளில் புருஷனும் மனைவியும் மடியில் ஒரு குழந்தையும். அவர்களிடம் சீட்டு இல்லை. திருப்பி அனுப்பப்பட்டார்கள். என் காருக்கு வழிவிட அந்த மனிதன் வண்டியைக் காலால் உந்திப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான்.

வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "எனக்கென்னடா கேடு, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்றாள். அன்று மாலையே ஆட்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவன் இருக்கும் வீடு. கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர், பதினான்கு நாள். அவர்கள் செய்தது சரி. சென்னையில் நோய் ஏறிக்கொண்டிருந்த சமயம். பால்காரர் திண்ணை ஓரத்தில் ஊற்றிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பாட்டி கொல்லைச் சுவரருகே வந்து பேசுவதை நிறுத்தினாள். ஐந்தாறு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, கோபமில்லாமல் அம்மா சொன்னாள்: "நீ வராம இருந்திருந்தா நாலு பேரோட பேசிக்கிட்டாவது இருந்திருப்பேன்." அவளுடைய தனிமையைத் தீர்க்க நான் ஒரு நோயைக் கற்பித்தேன், அந்தச் சீட்டு அவளை நோய்க்குரியவளாகவே நடத்தியது.

5

என்னுடையது சின்ன விஷயம். எனக்குக் கடிதம் கொடுக்க ஒரு டாக்டர், காருக்குக் கொடுக்கப் பணம், சம்பளத்துடன் லீவு எல்லாம் இருந்தன. இவை எதுவுமற்றவர்கள் நடந்தார்கள். 2020 மே 8ஆம் தேதி விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, ரயில் ஓடாதென்று நம்பித் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய பதினாறு தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பும்போது எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று கேட்கப்பட்டது. அத்தகைய தகவல் தொகுக்கப்படவில்லை என்று அரசு பதில் சொன்னது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பிய எண்ணிக்கை அரசிடம் இருந்தது. என் அம்மாவின் ரத்த அழுத்தம் அரசிடம் இருக்கிறது. அவர்களின் சாவு இல்லை.

சாத்தான்குளத்தில் ஜூன் 19ஆம் தேதி, அனுமதித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனுமாகக் கைது செய்யப்பட்ட ஜெயராஜும் பென்னிக்ஸும் 22, 23 தேதிகளில் இறந்தார்கள். காவலர்கள் மீது சி.பி.ஐ. கொலைக்குற்றம் சாட்டியது. எல்லையில் என்னைக் கனிவாக விசாரித்தவரும் அதே காக்கிதான் போட்டிருந்தார். கனிவும் அடியும் ஒரே அதிகாரத்திலிருந்து வருகின்றன. யாருக்கு எது என்று தீர்மானிப்பது கையிலுள்ள காகிதம்.

1918இன் விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள். ந. பிச்சமூர்த்திக்கு அப்போது பதினெட்டு, கு.ப.ரா.வுக்குப் பதினாறு, புதுமைப்பித்தனுக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சாவு அவர்கள் எழுத்துக்கு மையப் பொருளாகவில்லை. இந்தியில் நிராலா தன் மனைவியையும் உறவினரையும் அதில் இழந்ததை இருபது வருஷம் கழித்து எழுதினார். எனவே நமக்கு நேரம் கடந்துவிடவில்லை. ஆனால் எழுதவேண்டியது காலித் தெருவைப் பற்றியல்ல. எந்தச் சீட்டில் எந்தப் பொய்யை எழுதினோம், அதை வைத்துக்கொண்டு யாரை முந்திப் போனோம் என்பதைப் பற்றி. சர்க்காரின் கணக்கில் விடுபட்டவர்களை நாம் இட்டு நிரப்ப முடியாது. குறைந்தபட்சம் நம் கணக்கைத் திருத்திக் கொடுக்கலாம்.

2020 ஆகஸ்ட் 17இலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் சீட்டு என்றார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி மாநிலத்துக்குள் சீட்டே வேண்டாம் என்றாயிற்று. சீட்டின் பிரதி என்னிடம் மடித்தபடி இருக்கிறது. அதில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்பதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.