பலகையும் ஏராவும்

மரம் மிதக்கும் என்பதை மனிதன் மிக முற்காலத்திலேயே அறிந்துகொண்டான். மிதக்கும் மரம் உருளும் என்பதையும் அன்றே உடன் அறிந்திருப்பான். அன்று தொட்டு, உருளும் மரத்தை உருளாது நிறுத்துவதற்கு அவன் செய்த முயற்சிகளே சிறு கலங்களின் வரலாற்றிற் பெரும் பகுதியாகும். அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை, அதாவது ஒருவர் நின்றோ கிடந்தோ துடுப்பிட்டுச் செல்லும் பலகை நிலைபேறு பெற்ற கதையை, இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். அக்கதையின் முக்கிய நிகழ்ச்சிகள் எவையும் பெரிய கப்பற்றளங்களில் நடைபெறவில்லை. வீட்டு முற்றங்களிலும் கடற்கரைக் கொட்டில்களிலும், கையிற் கிடைத்த பொருளைக் கொண்டு சாதாரண மனிதர் செய்த திருத்தங்களே அவை.

நிலைபேறு என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆயினும் அச்சொல்லுள் இரண்டு வேறுபட்ட பண்புகள் அடங்கியுள்ளன. பலகை பக்கவாட்டிற் சாய்ந்து ஆளைத் தள்ளிவிடாதிருத்தல் ஒன்று. சென்ற திசையிலிருந்து வால் விலகிச் சறுக்காதிருத்தல் மற்றொன்று. முன்னதற்கு உதவும் மருந்து பின்னதற்கு உதவாது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி, பின்வரும் வரலாறு விளங்காது.

சாய்வைத் தடுக்கும் முதல் வழி அகலம். மிதக்கும் ஒரு பலகையின் நீளம் மாறாதிருக்க, அதன் அகலத்தை மட்டும் இருமடங்காக்கினால், அது சாய்வை எதிர்க்கும் தன்மை ஏறத்தாழ எட்டு மடங்காகும். முப்பது அங்குல அகலமுள்ள பலகையை முப்பத்து மூன்று அங்குலமாக்கினாலே, அத்தன்மை மூன்றிலொரு பங்கு கூடிவிடும். இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே கையினால் அறிந்திருந்தவர்கள் நம் கரையோரத்து மீனவர். ஒரு மரம் உருளும்; அருகருகே வைத்துக் கட்டிய பல மரங்கள் உருளா. இதுவே கட்டுமரத்தின் மறைபொருள். அதனுள் நீர் நிரம்பி அது மூழ்குவதற்கும் இடமில்லை. ஏறிய நீர் மரங்களின் இடைவெளியால் ஒழுகிப்போய்விடும். ஆங்கிலக் கடலோடியாகிய வில்லியம் டாம்பியர், 1697ஆம் ஆண்டில் வெளியான தமது பிரயாண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கிய இக்கலத்தின் பெயரைக் குறித்துள்ளார். அவ்வாறே தமிழ்ச் சொல்லொன்று ஆங்கிலத்திற் புகுந்தது.

இரண்டாவது வழி, பக்க மிதவை. ஒடுங்கிய ஓடத்தின் ஒரு மருங்கில், இரண்டு வளைந்த கழிகளின் முனையிற் சிறு மரமொன்றைப் பூட்டிவிட்டால், ஓடம் ஒடுக்கமாகவே இருந்து விரைந்து செல்லவும், அகலமான கலத்தைப் போலச் சாயாது நிற்கவும் கூடும். தென்னிலங்கைச் சிங்கள மீனவரின் ‘ஒருவ’ என்னும் தோணி இவ்வகையைச் சேர்ந்தது. காற்று வலுக்கும்போது, ஓட்டிகளில் ஒருவரோ இருவரோ அக்கழிகளின் மேல் ஏறிச் சென்று, தம் உடற்பாரத்தாற் கலத்தைச் சமன் செய்வர். அதனால் அவர்கள் காற்றை ‘ஓராள் காற்று’, ‘ஈராள் காற்று’ என அளந்தார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் குறித்துள்ளனர். ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் அறிஞர் 1920இல் இந்திய ஓட வகைகளைப் பற்றி எழுதியபோது, இம்மிதவை முறைக்கும் பசிபிக் தீவினரின் ஓடங்களுக்கும் உறவுண்டு என வாதித்தார். அப்பசிபிக் தீவுகளுக்கே நாம் இனிச் செல்லவேண்டும்.

ஹவாய்த் தீவுகளில் 1778இல் கப்ரன் குக் கரையிறங்கினார். அடுத்த ஆண்டில் அவர் அங்கு மாண்ட பின், அவருடைய துணை அதிகாரியான ஜேம்ஸ் கிங், தீவு மக்கள் பலகைகளின் மேற் கிடந்து பேரலைகளிற் பாய்ந்து கரைசேரும் காட்சியை வியந்து எழுதிவைத்தார். அப்பலகைகளில் இரண்டு வகைகள் சிறந்தவை. மெல்லியதும் குறுகியதுமான ‘அலாயா’, கோவா மரத்திலேனும் ஈரப்பலா மரத்திலேனும் செய்யப்பட்டது. நீண்டதும் தடித்ததுமான ‘ஓலோ’, பிரபுக்களுக்குரியது. அதற்கேற்ற மரம் வில்லிவில்லி. அது நம் வேலிகளில் நிற்கும் முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த, மிக இலேசான மரமாகும். இவ்விரு வகைப் பலகைகளுக்கும் அடிப்புறத்தில் எத்தகைய தகடும் இருந்ததில்லை. திசை மாற்ற விரும்புவோர் தம் காலையோ கையையோ நீரில் இழுத்தே திருப்பினர்.

ஐரோப்பியர் வருகையின் பின், புதிய பிணிகளால் ஹவாய் மக்களின் தொகை வெகுவாகக் குன்றிற்று. 1820 முதல் அங்கு வந்த சமய போதகர்களும் பழைய விளையாட்டுகளை விரும்பவில்லை. அலைப்பலகைக் கலை முற்றாக அழிந்துவிடவில்லையாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகச் சிலரிடமே எஞ்சியிருந்தது. பேரோலோப் பலகைகள் நூதனசாலைச் சுவரில் இடம்பெறும் பழம்பொருள்களாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கிக்கிக் கரையில் அக்கலை மீண்டும் தளிர்த்தது. 1908இல் அங்கு பக்கமிதவை ஓடத்தின் பெயரைத் தாங்கிய சங்கமொன்று தோன்றியது. சிறிது காலத்தில் ஹவாய் இளைஞர்கள் தமக்கெனக் ‘ஹுயி நாலு’ என்னும் சங்கத்தை அமைத்தனர். அவர்களுள் ஒருவரே, 1912இலும் 1920இலும் ஒலிம்பிக் நீச்சற் போட்டியிற் பொற்பதக்கம் வென்ற டியூக் கஹானமோக்கு.

இப்பலகைகள் வெறும் விளையாட்டுப் பொருள்கள் என எண்ணற்க. 1925ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கலிபோர்னியாவின் நியூபோட் கரைக்கு அப்பால், ‘தெல்மா’ என்னும் மீன்பிடிப் படகு பேரலைகளிற் சிக்கிக் கவிழ்ந்தது. ஐவர் மாண்டனர். கரையிலிருந்த கஹானமோக்கு தம் பலகையுடன் கடலுட் பாய்ந்து, மீண்டும் மீண்டும் சென்று, எட்டுப் பேரை உயிருடன் கொணர்ந்தார். வேறு இருவர் அவருடன் சேர்ந்து மற்றும் நால்வரை மீட்டனர். அன்று முதல், பலகை ஓர் உயிர்காப்புக் கருவியாதல் கூடும் என்னும் எண்ணம் கரைக்காவலர் மத்தியில் வேரூன்றலாயிற்று. ஆனால், நூறு இறாத்தலுக்குக் குறையாத கனத்த பலகையை எத்தனை பேர் விரைந்து தூக்கிச் செல்ல முடியும்? கொந்தளிக்கும் நீரில் அதன் மேல் எத்தனை பேர் நிலைத்திருக்க முடியும்? இவ்வினாக்களுக்கு விடை கண்டவர் ரொம் பிளேக்.

பிளேக், கடலே இல்லாத விஸ்கொன்சின் மாநிலத்தில் 1902இற் பிறந்தவர். 1920இல் டெற்றோயிற் நகரத்துப் படமாளிகை ஒன்றிற் கஹானமோக்குவைத் தற்செயலாகச் சந்தித்துக் கைகுலுக்கினார். நான்கு ஆண்டுகளின் பின் ஹவாயை அடைந்தார். ஹொனலூலுவிலுள்ள பிஷப் நூதனசாலையில், 1855இல் மறைந்த அப்னர் பாக்கி என்னும் பிரபுவின் ஓலோப் பலகைகள் இருந்தன. அவை பதினைந்து அடியளவு நீளமும் நூற்றைம்பது இறாத்தலளவு நிறையும் கொண்டவை. பிளேக் அவற்றைச் செப்பனிட்டார். செப்பனிட்டதோடு நில்லாது, 1926இல் அவற்றைப் போன்ற ஒன்றைத் தாமே செய்ய முற்பட்டார். பழமையைக் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுவோர் பலர். அதனை மீண்டும் நீரில் இறக்கிப் பார்க்கத் துணிந்தவர் சிலரே. அச்சிலருள் அவர் ஒருவர்.

கனத்தைக் குறைக்கும் பொருட்டு, பிளேக் அப்பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளைக் குடைந்து உலரவிட்டு, பின்னர் மேலும் கீழும் மெல்லிய மரத்தால் மூடினார். அதிலிருந்து பிறந்ததே உள்ளீடற்ற பலகை. நாளடைவில் துளையிடும் முறையையும் கைவிட்டு, விமானச் சிறகினுள் இருப்பது போன்ற குறுக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய பலகையைப் போர்த்தினார். 1932இல் அதற்கு அமெரிக்க அரசின் காப்புரிமை கிடைத்தது. ஒழுகிப் புகும் நீரை வெளியேற்ற அதில் ஓர் அடைப்பானும் இருந்தது. கரைக்காவலர் இப்பலகையை விரும்பி ஏற்றனர். அவுஸ்திரேலியக் கரைகளையும் அது விரைவில் அடைந்தது.

ஆயினும் இலேசான பலகைக்கு ஒரு குறை இருந்தது. செங்குத்தான அலையில் இறங்கும்போது அதன் வால் பக்கவாட்டிற் சறுக்கி, ஆளைச் சுழற்றி எறிந்தது. நாம் முன்பு கூறிய இரண்டாவது வகைக் குறை இதுவே. அகலத்தைக் கூட்டி இதனைத் தீர்க்க முடியாது. 1935இல் வைக்கிக்கியில், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் சிறிய ஏராவைப் பிளேக் கழற்றி எடுத்தார். ஏறத்தாழ ஓரடி நீளமும் நான்கு அங்குல ஆழமும் கொண்ட அத்தகட்டைத் தம் பலகையின் வாலடியிற் பொருத்தினார். நீரிலிறங்கியபோது பலகை சறுக்காமல், விட்ட வழியே சென்றது. மீனுக்குச் செட்டை செய்யும் பணியைப் பலகைக்கு அத்தகடு செய்தது. பக்கவாட்டில் நகர முயலும் வாலை, தகட்டை அழுத்தும் நீரே தடுத்து நிறுத்திற்று.

இதே குறையை வேறு வழியில் தீர்த்தவர்களும் உளர். 1937இல் ஹொனலூலு இளைஞர்களான ஜோன் கெலி, வோலி புறொயிசெத், பிரான் ஹீத் என்போர், பலகையொன்றின் வாற்பகுதியைக் கோடரியாற் செதுக்கி ஒடுக்கினர். ஒடுங்கிய வால் அலைச்சுவரில் ஆழப் பதிந்து நின்றது. ஒருவர் ஒரு தகட்டைச் சேர்த்தார். மற்றவர்கள் மரத்தைக் குறைத்தனர். நோய் ஒன்று, மருந்து இரண்டு. முடிவில் இரண்டாம் உலகப் போரின் பின் பிளேக்கின் செட்டையே எங்கும் பரவியது. கரையில் இருந்தோர் அதன் பயனை உணர்வதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது சிந்திக்கத்தக்கது. இன்று நமது அறுகங்குடாவில் அலைச்சறுக்கும் பலகைகளைத் திருப்பிப் பார்ப்போர், அவற்றின் அடியிலும் அச்செட்டையைக் காண்பர்.

நின்றவாறே நீண்ட துடுப்பால் வலித்துச் செல்லும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைக்கிக்கிக் கரைப் பணியாளர் சிலரிடம் காணப்பட்டது. 1990களின் இறுதியில் லெயாட் ஹமில்டன், டேவ் கலாமா ஆகியோர் மாவித் தீவில் அதனைப் புதுப்பித்தபின் உலகெங்கும் பரவிற்று. நிற்பவனின் பாரமையம் உயர்ந்திருப்பதால், பழைய முதலாவது குறை மீண்டும் தலைதூக்கியது. அதனாலேயே இப்பலகைகள் முப்பது அங்குலத்துக்கும் மேல் அகலமாக்கப்படுகின்றன. தம் பலகை இன்னும் ஆடுகிறது என்று காண்போர், வீட்டிலேயே இரு மருங்கும் சிறு மிதவைகளைக் கழியிற் பூட்டிக்கொள்கின்றனர். புதுமை என்று அவர்கள் கருதக்கூடும். ஆனால் ஹவாய் ஓடத்தின் ‘அமா’ என்னும் மிதவையும், நம் தென்கரைத் தோணியின் மிதவையும் இதையே பல தலைமுறைகளாகச் செய்து வந்துள்ளன.

தமிழ்ச் சொல்லின் பயணத்தையும் இங்கு முடித்துவிடலாம். 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரசோவ் இரட்டையுடற் பாய்க்கலமொன்றைக் கட்டினார். அத்தகைய கலங்களுக்கே ஆங்கிலத்திற் கட்டுமரத்தின் பெயர் நிலைத்தது. 1947இல் வூடி பிறவுண், உலகப்போர்க் காலத்திற் பசிபிக் தீவுகளிற் கண்ட ஓடங்களை நினைவிற்கொண்டு, நண்பர்களுடன் ஹவாயில் ‘மனு காய்’, அதாவது கடற்பறவை, என்னும் இரட்டையுடற் கலத்தை அமைத்தார். அவரும் அலைப்பலகை வீரரே. இவ்வாறு, நம் மீனவர் மரங்களைச் சேர்த்துக் கட்டியமையாற் பிறந்த பெயர், ஓலோப் பலகை பிறந்த கரையிலேயே வழங்கலாயிற்று.

நேயர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாதெனின், ஒரு திருத்தத்தின் சிறப்பு அதற்குச் செலவான பணத்திலோ செய்தவனின் பட்டத்திலோ தங்கியிருப்பதில்லை என்பதேயாம். குறை எது என்று முதலிற் பிரித்தறிய வேண்டும். சாய்கின்ற பலகைக்குச் செட்டை பூட்டுவதும், சறுக்குகின்ற பலகையை அகலமாக்குவதும் வீண் உழைப்பு. ஒவ்வொரு திருத்தமும் ஒன்றைத் தந்து ஒன்றை வாங்கிக்கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது. அகலமான பலகை வேகம் குறையும். செட்டை பூண்ட பலகை எளிதில் திரும்பாது. பக்க மிதவை அலையை வாரி இழுக்கும். எது தமக்கு இன்றியமையாதது என்று தெளிந்தவர்களே இக்கதையில் வெற்றி கண்டனர்.

மற்றுமொன்று. பிளேக்கின் பெயரை நாம் அறிவோம். அவருக்கு வழிகாட்டிய ஓலோவைச் செதுக்கிய ஹவாய்த் தச்சனின் பெயரை அறியோம். முதற் கட்டுமரத்தைப் பிணைத்த மீனவனின் பெயரையும் அறியோம். அவர்கள் கைவேலை மட்டும் எஞ்சி நிற்கிறது. நம் கரைகளிற் பழைய வள்ளங்களும் கட்டுமரங்களும் அருகிவரும் இந்நாளில், அவற்றின் அளவுகளையும் கட்டும் முறைகளையும் மூத்தோரிடம் கேட்டு எழுதிவைப்பது, பாடசாலை மாணவரும் மேற்கொள்ளக்கூடிய நற்பணியாகும். பிளேக்குக்குப் பயன்பட்ட பழம் பலகையைப் போல, நாளை எவனோ ஒருவனுக்கு அவையும் பயன்படலாம்.