கெண்டைக்கால் வலியும் காதுக்கு எட்டாத ஒலியும்

ஓசூர் சிப்காட்டில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் பிள்ளைகள் கெண்டைக்கால் வலிக்கிறது என்றால், "வாயுப் பிடிப்பு, எண்ணெய் தேய்" என்கிறோம். பல நேரம் எண்ணெயும் ஓய்வும் போதும். ஆனால் நடந்தால் வலித்து, நின்றால் அடங்கி, மறுபடி நடந்தால் மறுபடி வலித்தால், ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும்.

இந்த வலியை 1831இல் எழுதிவைத்தவர் பூலே என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர். நோயாளி, வண்டிக் குதிரை! 1858இல் ஷார்க்கோ இதையே மனிதரிடம் கண்டார். டாக்டர்கள் சொல்லும் 'க்ளாடிகேஷன்', பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பழகிய சொல். நொண்டுதல் என்று பொருள்.

நம் வயதுக்காரர்களுக்கு இது பெரும்பாலும் குழாயில் கொழுப்பு படிவதால் வரும். புகையும் சர்க்கரையும் அதற்குத் துணை. இளவயதில் அபூர்வமாக வேறொரு காரணம் உண்டு. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியைக் கெண்டைத் தசை நெரிப்பது. 1879இல் எடின்பரோ மருத்துவ மாணவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட் இதைக் கண்டது, வெட்டி எடுத்த ஒரு காலில். 80 ஆண்டு கழித்து, 1959இல், நெதர்லாந்தின் லெய்டனில் 12 வயதுப் பையனுக்கு ஹாமிங் அறுவை சிகிச்சை செய்ததைப் பதிவு செய்தார்.

காலை வெட்டாமல் உள்ளே பார்க்க வழி வேண்டுமே! 1880இல் கியூரி சகோதரர்கள், குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். முதல் உலகப் போரில் லான்ழ்வேன் அந்தப் படிகத்தால் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். நட்சத்திர ஒளிக்காக டாப்ளர் 1842இல் சொன்ன விதியை, 1950களில் ஜப்பானின் சடோமுரா இதயத் துடிப்புக்கும் ரத்த ஓட்டத்துக்கும் பொருத்தினார். இன்றைய டாப்ளர் ஸ்கேன் அந்த வழியில் வந்தது.

சோதனை எளிது. குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்து, பாதத்தைக் கீழே அழுத்தவும் மேலே மடக்கவும் சொல்வார்கள். அப்போது ஓட்டம் குறைந்தாலோ நின்றாலோ சந்தேகம். நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் அப்படி ஆவதுண்டு. ஆகவே எம்.ஆர்.ஐ. போன்றவற்றால் உறுதி செய்வார்கள்.

காலை அசைக்காமல் எடுத்தால் 'நார்மல்' என்றே வரலாம். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்க் காசு செலவழித்து எடுத்தாலும் அதே கதைதான். விட்டுவைத்தால் குழாயில் ரத்தம் உறைந்து காலுக்கே ஆபத்து. எனவே வீட்டுப் பிள்ளைக்கு இந்த வலி இருந்தால், "பாதத்தை அசைத்தும் பார்க்கலாமா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.